74 விளக்குகளும் இரண்டு காலக்ஸிகளும்

வேதியியல் ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. அமிலத்தையும் காரத்தையும் சோதனைக் குழாயில் ஊற்றி, என்ன நடக்கிறது என்று மாணவர்களுக்குக் காட்டிவிடலாம். இயற்பியல் ஆசிரியர் ஊசலை ஆட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கலாம். வானியலாருக்கு இந்த வசதி கிடையாது. ஒரு காலக்ஸியைக் கையிலெடுத்து இன்னொன்றின்மீது மோதவிட்டு விளைவைக் குறித்துக்கொள்ள யாரால் முடியும்?

காலக்ஸி என்பது விண்மீன்களும் வாயுவும் தூசியும் ஈர்ப்பு விசையால் கட்டுண்டு சுழலும் பெருங்கூட்டம். நாம் வாழும் பால்வழி மண்டலமும் ஒரு காலக்ஸிதான். அதில் 10,000 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. நமது சூரியன் அதன் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில், விநாடிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வருகிறது. அப்படியிருந்தும் ஒரு சுற்றை முடிக்க 22 கோடி ஆண்டுகள் பிடிக்கின்றன. சென்ற முறை சூரியன் இதே இடத்துக்கு வந்தபோது பூமியில் டைனோசர்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன!

ஆகவே தொலைநோக்கி நமக்குத் தருவது ஒரு நீண்ட திரைப்படத்தின் ஒரே ஒரு சட்டகம் மட்டுமே. அதைப் பார்த்து முன்கதையையும் பின்கதையையும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? காலக்ஸிக்குப் பதிலாக ஒரு மாதிரியைச் செய்து, நியூட்டனின் விதிகளுக்கு உட்பட்டு அதை ஓடவிட்டுப் பார்ப்பதே வழி. இன்று அதைக் கணிப்பொறி செய்கிறது. முதன்முதலில் அதைச் செய்தவை மின்விளக்குகள்.

இருட்டறையில் ஒரு மோதல்

1941-ஆம் ஆண்டு. சுவீடன் நாட்டின் லுண்ட் நகரைச் சேர்ந்த வானியலார் எரிக் ஹோம்பர்க் ஒரு விந்தையான சோதனையைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இரண்டு காலக்ஸிகள் ஒன்றையொன்று நெருங்கிக் கடந்தால் என்ன ஆகும் என்பது அவருடைய கேள்வி. ஒவ்வொரு காலக்ஸியையும் 37 துண்டுகளாகக் கொண்டாலும் மொத்தம் 74. ஒவ்வொரு துண்டையும் மற்ற 73 துண்டுகளும் இழுக்கின்றன. கணிப்பொறி இல்லாத அந்நாளில் இதைக் காகிதத்தில் கணக்கிட்டு மாளாது.

ஹோம்பர்க் ஒன்றைக் கவனித்தார். ஈர்ப்பு விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. விளக்கின் ஒளியும் அப்படியே குறைகிறது! தொலைவு இரு மடங்கானால் இரண்டுமே நான்கில் ஒரு பங்காகின்றன. எனவே ஒவ்வொரு துண்டுக்கும் பதிலாக ஒரு சிறு மின்விளக்கை வைத்தார். துண்டின் நிறைக்கு ஏற்றபடி விளக்கின் ஒளித்திறன். பிறகு ஒரு விளக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஒளிமின்கலத்தை வைத்து, அதன்மீது விழும் ஒளியைக் கால்வனாமீட்டரில் அளந்தார்.

இதில் ஓர் அழகு இருக்கிறது. விசை என்பது திசையுள்ள அளவு. வெறும் ஒளியளவு போதாது. ஆனால் தட்டையான பரப்பின்மீது ஒளி சாய்வாக விழுந்தால், சாய்வுக் கோணத்தின் கொசைனுக்கு ஏற்ப அது குறைகிறது. விசையை ஒரு திசையில் பகுக்கும்போது நாம் பெருக்குவதும் அதே கொசைன்தானே! ஆகவே மின்கலத்தை ஒரு பக்கமாகவும் அதற்கு நேரெதிர்ப் பக்கமாகவும் திருப்பி அளந்து கழித்தால், அத்திசையில் விசையின் கூறு கிடைத்துவிடும். செங்குத்துத் திசையிலும் அவ்வாறே. கூட்டல், பெருக்கல் எல்லாவற்றையும் ஒளியே செய்து கொடுத்துவிடுகிறது.

இவ்வாறு 74 இடங்களிலும் அளந்து, ஒவ்வொரு விளக்கையும் அதற்குரிய தூரம் நகர்த்திவைத்து, மறுபடி அளந்து, மறுபடி நகர்த்தி... எத்தனை பொறுமை வேண்டும், நினைத்துப் பாருங்கள். முடிவில் அவர் கண்டது: நெருங்கி வந்த காலக்ஸிகள் உருக்குலைந்து சுருள்கரங்கள் போன்ற நீட்சிகளை விட்டன. மெதுவாக வந்தவை, ஒன்றையொன்று கடக்கையில் இயக்க ஆற்றலை இழந்து, பிரிந்து போக முடியாமல் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதும் தெரிந்தது. இன்று பெரிய கணிப்பொறிகள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். பௌதிகத்தின் வரலாற்றில் இதைவிடச் சிக்கனமான சோதனைகள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

கணிப்பொறி எப்படி நடத்துகிறது?

விளக்குகளின் வேலையைக் கணிப்பொறி எண்களால் செய்கிறது. உங்களுக்குத் தெரிந்த பாடம்தான். எல்லாத் துகள்களின் இடமும் வேகமும் தெரியும். விசையிலிருந்து முடுக்கம், முடுக்கத்திலிருந்து சிறிது நேரம் கழித்து இருக்கும் வேகம், வேகத்திலிருந்து புதிய இடம். பிறகு மீண்டும் விசை. இப்படி ஒவ்வோர் எட்டாக எடுத்துவைக்க வேண்டும்.

ஓர் எட்டை 10 லட்சம் ஆண்டு என்று கொள்வோம். விநாடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பொருள் 10 லட்சம் ஆண்டில் ஏறத்தாழ 3.34 ஒளியாண்டு நகரும். 220 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சூரியன் 734 ஒளியாண்டு நகரும். சூரியனின் சுற்றுப்பாதையின் நீளம் சுமார் 1,63,000 ஒளியாண்டு. வகுத்துப் பாருங்கள்: 222 எட்டுகள், அதாவது 22 கோடி ஆண்டு. முதலில் சொன்ன கணக்கு சரியாக வந்துவிட்டது!

தொல்லை எட்டுகளில் இல்லை, இணைகளில் இருக்கிறது. 74 துகள்களுக்கு 2,701 இணைகள். 500 துகள்களுக்கு 1,24,750. ஒரு லட்சம் துகள்களுக்குச் சுமார் 500 கோடி. உண்மையாகவே 10,000 கோடி விண்மீன்களை எடுத்துக்கொண்டால், இணைகளின் எண்ணிக்கை 5-க்குப் பின் 21 சுழிகள். ஓர் இணைக்கு 20 கணக்குகள் என்று வைத்தால், 1-க்குப் பின் 23 சுழிகள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 2022-இல் நொடிக்கு 1-க்குப் பின் 18 சுழி என்ற வேகத்தை எட்டிய ஃபிரான்டியர் போன்ற ராட்சதக் கணிப்பொறிக்கே ஒரே ஓர் எட்டுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

1986-இல் ஜோஷ் பார்ன்ஸ், பீட் ஹட் என்ற இருவர் இதற்கு ஒரு குறுக்குவழி கொடுத்தனர். இரவில் தொலைவிலுள்ள ஊரைப் பார்க்கிறோம். தனித்தனி விளக்குகள் தெரிவதில்லை. ஒரே வெளிச்சமாகத் தெரிகிறது. அதுபோலத் தொலைவிலுள்ள துகள்கூட்டம் முழுவதையும் அதன் நிறைமையத்தில் அமர்ந்த ஒரே துகளாகக் கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டால் போதும். ஒரு லட்சம் துகள்களுக்கு 500 கோடி என்ற வேலை சில கோடிகளாகச் சுருங்கிவிடுகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. மாதிரியில் ஒரு துகள் ஒரு விண்மீன் அன்று. பல ஆயிரம் அல்லது பல லட்சம் சூரியன்களின் பிரதிநிதி. அப்படிப்பட்ட இரண்டு பிரதிநிதிகள் மிக அருகில் வந்துவிட்டால், சூத்திரத்தில் தொலைவு கிட்டத்தட்டச் சுழியாகி, விசை கட்டுக்கடங்காமல் ஏறி, இரண்டும் கவண்கல்போல் தெறித்துவிடும். உண்மைக் காலக்ஸியில் அவ்வாறு நடப்பதில்லை. அதனால் தொலைவின் இருமடியோடு ஒரு சிறிய நிலையான எண்ணைக் கூட்டிவிட்டு, அதன் பிறகே வகுக்கிறார்கள். தொலைவில் இந்தக் கூட்டல் தெரியாது. அருகில் விசை மழுங்கிவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. அந்த மழுங்கல் தூரத்தைவிடச் சிறிய எதையும் மாதிரியில் நம்பிப் பார்க்க முடியாது.

வால் முளைத்த காலக்ஸிகள்

1966-இல் ஹால்டன் ஆர்ப் வெளியிட்ட விசித்திரக் காலக்ஸிகளின் படத்தொகுப்பில் 338 படங்கள் உள்ளன. பலவற்றில் நீண்ட மெல்லிய வால்கள்; சில இணைகளுக்கு நடுவே ஒளிப்பாலம். பரந்து இழுக்கும் ஈர்ப்பு விசையால் இத்தனை மெல்லிய வாலை எப்படி இழுத்துவிட முடியும் என்று பலர் ஐயுற்றனர். வெடிப்பு என்றனர் சிலர். காந்தப்புலம் என்றனர் சிலர்.

1972-இல் அலார் தூம்ரே, ஜூரி தூம்ரே என்னும் சகோதரர்கள் கணிப்பொறியில் மிக எளிய மாதிரியைச் செய்தனர். காலக்ஸியின் நிறை முழுவதும் மையத்தில் ஒரு புள்ளி; அதைச் சுற்றி வளைய வளையமாக நூற்றுச் சொச்சம் நிறையற்ற துகள்கள். அதனருகே இன்னொரு காலக்ஸியைக் கடந்துபோகச் செய்தனர். கடலில் ஓதம் எழுவதுபோல, அருகிலுள்ள பக்கம் ஒரு பாலமாகவும் எதிர்ப்பக்கம் ஒரு வாலாகவும் இழுபட்டன. நிலவின் ஈர்ப்பால் பூமியின் இருபக்கமும் கடல் பொங்குகிறதல்லவா? அதே காரணம்தான். ஆன்டெனா காலக்ஸிகள் எனப்படும் என்.ஜி.சி. 4038, 4039 இணையின் வளைந்த வால்களை அப்படியே அவர்களால் வரைந்துகாட்ட முடிந்தது.

நிற்க மறுத்த தட்டு

மோதலைக் காட்டுவது எளிதாகிவிட்டது. தனியே, அமைதியாகச் சுழலும் ஒரு காலக்ஸியை மாதிரியில் நிறுத்திவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. 1971-இல் ஃபிராங்க் ஹோல் ஒரு லட்சம் துகள்கள் கொண்ட சுழலும் தட்டு ஒன்றைக் கணிப்பொறியில் ஓடவிட்டார். அது தட்டாக நிற்கவில்லை. துகள்கள் கண்டபடி அலையத் தொடங்கின. நடுவில் தடிபோன்ற ஒரு நீள்வடிவம் உருவாயிற்று.

1973-இல் பிரின்ஸ்டனில் ஜெரமையா ஆஸ்ட்ரைக்கரும் ஜேம்ஸ் பீபிள்ஸும் 150 முதல் 500 துகள்களைக் கொண்டே இதை ஆராய்ந்தனர். சுழற்சியின் இயக்க ஆற்றல், ஈர்ப்பு நிலையாற்றலில் சுமார் 14 சதவீதத்தைத் தாண்டினால் தட்டு நிலைகுலைகிறது என்று கண்டனர். பால்வழி மண்டலத் தட்டிலோ அந்த விகிதம் இதைவிட மிக அதிகம். அப்படியானால் நம் தட்டு எப்படி நிலைத்திருக்கிறது? தட்டைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத, பெருநிறையுள்ள ஒரு கோள உறை இருந்தாக வேண்டும் என்றனர். அதே பத்தாண்டில் வெரா ரூபினும் கென்ட் ஃபோர்டும், மற்றவர்களும், காலக்ஸிகளின் வெளிப்பகுதி எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்வதை அளந்து காட்டினர். மையத்திலிருந்து விலக விலக வேகம் குறைய வேண்டும், குறையவில்லை. தெரியாத பொருள் இருக்கிறது என்ற முடிவு இரண்டு வழிகளிலிருந்தும் வந்தது. இருண்ட பொருள் என்று இன்று அழைப்பது இதைத்தான். பீபிள்ஸுக்கு 2019-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆனால் கதை அத்தனை நேரானது அன்று. 1990-களில் அகச்சிவப்பு ஆய்வுகள், நம் பால்வழி மண்டலத்தின் நடுவிலேயே ஒரு தடி இருப்பதை உறுதிசெய்தன. 2002-இல் பிரான்ஸின் மார்செய் நகர வானியலார் அத்தனாசூலா இன்னொன்றைக் காட்டினார். பழைய மாதிரிகளில் அசையாத பாறைபோல் வைத்த உறையை, அசையும் துகள்களாலேயே கட்டினால், உறை தடியிடமிருந்து கோண உந்தத்தை வாங்கிக்கொண்டு தடியை வளரச்செய்கிறது! தடியைத் தடுக்கும் என்று கொண்டுவந்த உறை சில சமயம் அதற்கு எரு போடுகிறது. இருண்ட பொருளுக்கு வேறு சான்றுகள் ஏராளம் இருப்பதால் அது தப்பியது. ஒரு வாதத்தின் முடிவு நிலைத்தது. வாதம் பாதிதான் நிலைத்தது.

வாயு வந்தபின்

இதுவரை விண்மீன்களை மட்டுமே பேசினோம். சூரியனை 2 மில்லிமீட்டர் கடுகாகச் சுருக்கினால், மிக அருகிலுள்ள விண்மீன் 57 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு கடுகு. இவை எங்கே மோதிக்கொள்வது? இரண்டு காலக்ஸிகள் ஊடுருவிப் போகும்போதுகூட விண்மீன்கள் இரண்டு தேனீக்கூட்டங்களைப்போல் ஒன்றினூடே ஒன்று சென்றுவிடும். வாயுவோ இரண்டு நீரோட்டங்களைப்போல் மோதும். மோதினால் சூடாகும், சூட்டை ஒளியாக வெளியே வீசிக் குளிரும். வீசிய ஆற்றல் திரும்பி வராது. விண்மீனுக்கும் வாயுவுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது: விண்மீன்கூட்டம் ஒருமுறை கலைந்தால் தானாக அடங்குவதில்லை, வாயு அடங்கிவிடும்.

இதன் விளைவை 1984-இல் செல்வுட், கார்ல்பெர்க் இருவரும் அழகாகக் காட்டினர். விண்மீன்கள் மட்டும் உள்ள தட்டில் சுருள்கரங்கள் தோன்றின. ஆனால் அந்தக் கரங்களே விண்மீன்களைத் தள்ளிக் கலைத்தன. சில சுற்றுகளில் தட்டு 'சூடாகி' கரங்கள் மங்கி மறைந்தன. பிறகு, வாயுவிலிருந்து புதிய விண்மீன்கள் பிறப்பதைப்போல, ஒழுங்கான வட்டப்பாதையில் செல்லும் புதுத் துகள்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்தனர். கரங்கள் மறுபடி மறுபடி எழுந்தன. வானில் பாருங்கள்: வாயு தீர்ந்துபோன தட்டுக் காலக்ஸிகளில் சுருள்கரங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை.

வாயுவைத் துகளாக்குவது எப்படி? 1977-இல் லூசியும், தனியே கிங்கோல்டு, மோனகன் இருவரும் ஒரே வழியைக் கண்டுபிடித்தனர். ஒவ்வொரு துகளையும் மையொற்றுத் தாளில் விழுந்த மைத்துளிபோலப் பரவவிடுகிறார்கள். ஓரிடத்தில் எத்தனை துளிகள் மேலேறிக் கிடக்கின்றனவோ அதுவே அவ்விடத்தின் அடர்த்தி. அடர்த்தியும் வெப்பநிலையும் கிடைத்தால் அழுத்தம். அழுத்த வேறுபாட்டால் விசை.

இம்முறையில் 1990-களில் காலக்ஸி மோதல்களைப் பார்த்தபோது, வாயு முற்றிலும் வேறு பாதையில் போயிற்று. மோதலால் விண்மீன்களிடையே ஒரு தடி உருவாகிறது. வாயுவிலும் ஒரு தடி உருவாகி, சற்று முந்திச் சுழல்கிறது. பின்தங்கிய விண்மீன் தடி அதைப் பிடித்து இழுக்கிறது. கோண உந்தத்தை இழந்த வாயு மையத்தை நோக்கி விழுந்து நெரிபடுகிறது. அங்கே விண்மீன்கள் அடைமழைபோல் பிறக்கின்றன. 1983-இல் ஐராஸ் செயற்கைக்கோள் கண்ட, அகச்சிவப்பில் மட்டற்றுப் பிரகாசிக்கும் காலக்ஸிகளில் மிகப்பல மோதிக்கொண்டிருப்பவையே. காரணம் புரிந்தது.

நம்பலாமா?

போட்டதுதானே வெளியே வரும், இதில் கண்டுபிடிப்பு என்ன இருக்கிறது என்று என் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டதுண்டு. கூர்மையான கேள்வி. வாயுவைப் பொறுத்தவரை இக்கேள்வி ஆய்வாளர்களையே உறுத்திய ஒன்று.

மாதிரியில் வாயு அளவுக்கு மீறிக் குளிர்ந்தது; மிக விரைவாக விண்மீன்களாக மாறியது; மையத்தில் குவிந்தது. உண்மையில் பெரிய விண்மீன்கள் சூப்பர்நோவாவாக வெடித்து வாயுவைத் தள்ளிக் கலைக்கின்றன. ஒரு வெடிப்பின் ஆற்றல் 1-க்குப் பின் 44 சுழிகள் கொண்ட ஜூல் அளவு. அதைப் புரோகிராமிலும் சேர்த்தார்கள். பயனில்லை! ஒரு வாயுத் துகளே லட்சம் சூரியன்களின் நிறையுடையது. வெடிப்பின் வெப்பம் அத்தனை வாயுவுக்கும் பங்கிடப்பட்டதும் வெப்பநிலை சொற்பமே ஏறும். அந்த வெப்பநிலையில் வாயு மிக வேகமாகக் குளிரும். தள்ளுவதற்கு முன்பே ஆற்றல் ஒளியாகப் போய்விடும்.

ஒவ்வொரு குழுவும் ஒரு வைத்தியம் செய்தது. சிலர் வெடிப்புக்குப் பின் சிறிது காலம் குளிர்தலையே நிறுத்திவைத்தனர். இல்லஸ்ட்ரிஸ் குழுவினர் வாயுத் துகள்களைக் காற்றாக உதைத்து வெளியேற்றினர். ஈகிள் குழுவினர் எல்லாத் துகளையும் கொஞ்சம் சூடாக்காமல், ஆற்றலைச் சேர்த்துவைத்து ஒருசில துகள்களை மட்டும் ஒரேயடியாக 3 கோடி டிகிரிக்கு மேல் சூடாக்கினர். அத்தனை சூட்டில் வாயு மெதுவாகத்தான் குளிரும். இவற்றுள் இந்த ஈகிள் வழிதான் எனக்குப் பிடித்தது. பௌதிகத்தை நிறுத்திவைக்காமல் பௌதிகத்தைக் கொண்டே பிரச்சினையைத் தாண்டுகிறது.

2012-இல் அக்கீலா என்ற பெயரில் ஒரு பரீட்சை நடந்தது. ஒரே தொடக்க நிலை. 13 வெவ்வேறு கணிப்பு முறைகள். எல்லாவற்றுக்கும் இருண்ட பொருள் ஒன்று, ஈர்ப்பு விதி ஒன்று. வந்த காலக்ஸிகளோ ஒன்றைப்போல் ஒன்று இல்லை! நிறையும் அளவும் வடிவமும் பெருமளவு வேறுபட்டன. வேறுபாட்டுக்கு முதற்காரணம், வெடிப்பாற்றலை ஒவ்வொருவரும் கையாண்ட விதம்.

ஆகவே, மாதிரி ஒன்றைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, எது சரிக்கட்டப்பட்டது, எது தானாக வந்தது என்பது. ஈகிள் மாதிரியில் இன்றைய காலக்ஸிகளின் நிறைப் பரவலும் அளவும் ஒத்துவரும்படி எண்கள் முன்னரே சரிசெய்யப்பட்டவை. அவை ஒத்துவருவதில் வியப்பில்லை. சரிசெய்யப்படாத மற்றவை, எடுத்துக்காட்டாகப் பழங்காலக் காலக்ஸிகளின் இயல்புகள், எந்த அளவு ஒத்துவருகின்றன என்பதே பரீட்சை. 2014-இன் இல்லஸ்ட்ரிஸில் ஒரு வாயுத் துகள் சுமார் 13 லட்சம் சூரிய நிறை. மழுங்கல் தூரம் இரண்டாயிரம் ஒளியாண்டுக்குச் சற்று மேல். அதன் வழிவந்த டி.என்.ஜி. 50 என்ற மாதிரியில் துகளின் நிறை 85,000 சூரிய நிறையாகக் குறைந்தது. ஒரு தனி விண்மீன் பிறப்பதைக் காண அதுவும் போதாது.

வாயுவின் தொல்லை இல்லாத இடத்தில் மாதிரிகள் உறுதியாகப் பேசும் என்று நினைப்போம். ஆண்டிரோமீடா காலக்ஸி 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலிருந்து விநாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. சுமார் 400 கோடி ஆண்டுகளில் மோதல் நிச்சயம் என்று 2012-இல் ஹபிள் அளவீடுகளைக் கொண்டு அறிவித்தனர். 2025-இல் ஹெல்சிங்கியைச் சேர்ந்த டில் சவாலாவும் குழுவினரும், அளவீடுகளில் உள்ள பிழை எல்லைக்குள் எண்களைச் சற்றே மாற்றி மாற்றி, ஒரு லட்சம் முறை இந்தப் பயணத்தை ஓட்டிப் பார்த்தனர். அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் மோதல் நிகழ்ந்தது ஏறக்குறையப் பாதி ஓட்டங்களில்தான்! எம்33 என்ற சிறிய காலக்ஸியைச் சேர்த்தால் மோதும் வாய்ப்பு கூடுகிறது. நம் துணையான பெரிய மெகல்லன் மேகத்தைச் சேர்த்தால் குறைகிறது. ஆண்டிரோமீடா நம்மை நோக்கி வரும் வேகம் நிறமாலையிலிருந்து நன்றாகத் தெரியும். நம் பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே, பக்கவாட்டில், அது எவ்வளவு விலகிச் செல்கிறது என்பதோ, பின்னணியிலுள்ள மிகத் தொலைவான காலக்ஸிகளோடு ஒப்பிட்டு அதன் விண்மீன்களின் நுண்ணிய நகர்வை ஆண்டுக்கணக்கில் அளந்தால்தான் தெரியும். மோதுமா விலகுமா என்பது பெரும்பாலும் அந்தப் பக்கவாட்டு வேகத்தைப் பொறுத்தது.